துண்டு நானாவும் என் காரின் மூக்கும்

மாத்தளை நகரத்துக்குள் சக்கரம் வைத்து உருளுகிற எதுவாக இருந்தாலும், அதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் துண்டு நானா பகல் சோறு தின்றதில்லை. பஸ், லொறி, திரீவீல், ஐஸ்கிரீம் வண்டி, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தள்ளுகட்டில் என்று எதையும் அவர் விட்டதில்லை. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அந்த மனிதர் எனக்குச் செய்த அநியாயத்தை எழுதி, வாசிக்கிற நாலு பேரிடம் நியாயம் கேட்கத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முஸ்லிம் பெரியவரை நாங்கள் அண்ணன் என்பதற்கு நானா என்போம். அவர் தனியார் பஸ் ஸ்டேண்டில் டைம் கீப்பர். ஒரு பெரிய அலுமாரி அளவில் தகரக் கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு சுவர் மணிக்கூடு, இவர். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொண்டக்டரிடம் கொடுப்பது தொழில். அது எல்லா ஊரிலும் நடக்கிற தொழில்தான். ஆனால் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்கு இடையில் ஒரு நாலு நிமிடம் கிடைக்குமே, அந்த நாலு நிமிடத்தை மற்ற டைம் கீப்பர்மார் பால் சேர்க்காத பிளேன்டி குடித்துத் தீர்ப்பார்கள். இவர் கூண்டிலிருந்து இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் நிறுத்தியிருக்கும் வாகனங்களை எல்லாம் பாடசாலை பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிவார். முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒரு துண்டு எழுதி வைப்பருக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விடுவார்.

அதுவும் கார்பன் தாள் வைத்து எழுதுவார். மூலம் வாகனத்துக்கு, பிரதி அவருடைய கொப்பிக்கு.

ஒரு முகூர்த்த நாளில், பூச்சோடனையோடு நின்ற மாப்பிள்ளைக் காருக்கு வைத்த துண்டை ஊரே வாசித்தது. 'மாப்பிள்ளை வாகனம். பின் வலது டயரில் காற்று குறைவு. மணமக்கள் நீடூழி வாழ்க.' பிரேதம் ஏற்ற வந்த வண்டியைக்கூட விடவில்லை. 'இடது பிரேக் விளக்கு எரியவில்லை. பின்னால் வருபவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.' பொலிஸ் ஜீப்புக்கு வைத்த துண்டு பற்றிப் பல கதைகள் உண்டு. ஜீப் மறுநாள் புது ஹோர்னோடு வந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு எழுதுகிறவரிடம் என்ன வாகனம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. லைசன்ஸ்? இல்லை. சைக்கிள்? பின்னால் ஏறி உட்காரவே பயம். வாழ்நாளில் ஒரு ஸ்டியரிங்கைக்கூடத் தொட்டுத் திருப்பாத மனிதர், வீட்டிலிருந்து நடந்து வந்து, ஊரின் வாகனங்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்லிவிட்டு, மறுபடி நடந்து போவார். யாரும் அவரோடு சண்டைக்குப் போனதுமில்லை. துண்டில் எழுதியிருப்பது சரியாக இருந்து தொலைக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

என் காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

பார்க்கச் சின்னப் பெட்டி. சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற கார் என்றுதான் நினைப்பீர்கள். எஞ்சினின் மொத்தக் கொள்ளளவும் ஒரு லீற்றர் போத்தலுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு டர்போ உண்டு, அதற்கு அடையாளமாகப் பொனட்டின் மேல் ஒரு காற்று வாயும் உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒரு யோசனை, பிறகு ஒரு விசில், பிறகு முதுகில் ஒரு தள்ளு. உலகம் ஹொட் ஹெட்ச் என்று மரியாதையாகச் சொல்லும் இந்த இனத்தை நாங்கள் இருக்கும் உக்குவளையில் 'கத்துற கார்' என்பார்கள். நகரத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் கீறுகிற வேலை எனக்கு. அலுவலக வாசலில் இடமில்லாததால் காரை நிறுத்துவது பஸ் ஸ்டேண்ட் மதில் ஓரம். அதாவது, துண்டு நானாவின் மூக்குக்கு நேர் எதிரே.

அதன் வேலைகளை எல்லாம் நானே செய்வேன். ஆசை பாதி, ஆத்திரம் மீதி. முதன்முதலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த மெக்கானிக் பாஸ் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "நங்கி, அய்யா கோ?" என்றார். சிங்களத்தில், தங்கச்சி, அண்ணன் எங்கே என்று அர்த்தம். எனக்கு அண்ணனே கிடையாது. கார் என்னுடையது என்றேன். சிரித்தார். பிறகு என்ன கோளாறு என்பதை, பெட்ரோல் மூடிக்கும் பொனட்டுக்கும் வித்தியாசம் தெரியாத என் அம்மாவிடம் விளக்கினார். அம்மாவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அன்றைக்கே ஒரு ஸ்பெனர் செட் வாங்கினேன். அதன் பிறகு ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் எனக்கு ஆசிரியர்கள். நான் பொனட்டைத் திறந்தால் போதும், பாண் வாங்கக் கடைக்கு வந்தவர், பள்ளிக்குப் போகிறவர், பல்லைக் குத்திக்கொண்டு நின்றவர் எல்லாம் சுற்றி நின்று, "அப்பிடி இல்ல தங்கச்சி, இந்தப் பக்கம் திருப்புங்க," என்பார்கள்.

ஆகவே, நான் படித்தேன். டர்போ காருக்கு ஒயிலை மற்றக் கார்களைவிட சீக்கிரமாக மாற்ற வேண்டும் என்று தெரியும். காலையில் எஞ்சின் சூடேறுமுன் மிதிக்கக்கூடாது என்று தெரியும். மலை ஏறி வந்த காரை உடனே அணைக்கக்கூடாது, டர்போ ஆறுவதற்கு ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும் என்பதும் தெரியும்.

அலுவலகத்துக்குப் பிந்திவிட்ட ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு நாள், அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் வைப்பருக்கு அடியில் என் முதல் துண்டு.

'உரிமையாளர் அவர்களுக்கு. நேரம் 8.34. சூடான இயந்திரம் உடனே நிறுத்தப்பட்டது. ஒரு நிமிடம் கொடுக்கவும்.'

எனக்குத் தெரியாததைச் சொன்னால் கோபம் வராது. தெரிந்ததைச் சொன்னால் வருமா வராதா, சொல்லுங்கள். நேரே கூண்டுக்குப் போனேன்.

"நானா, இத நீங்களா எழுதினீங்க?"

"எழுதி ஈக்கிது தானே மிஸ்," என்றார், மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு இதெல்லாம் தெரியும்."

"தெரியும் எண்டா நல்லம். குருநாகல் பஸ்ஸுக்கு வழி விடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள், 'முன் டயர் இரண்டும் வெளிப்பக்கம் தேய்கிறது. வளைவுகளில் கோபம் வேண்டாம்.' அடுத்த வாரம், 'பெட்ரோல் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை.' அதற்கடுத்து, 'பின் கண்ணாடி வைப்பர் கண்ணாடியைக் கீறுகிறது. ரப்பர் இல்லை. இரும்பு மட்டும் உள்ளது.' பதினோராவது துண்டோடு என் பொறுமை முடிந்தது. நானும் ஒரு துண்டு எழுதி அவருடைய கூண்டில் ஒட்டினேன். 'உரிமையாளர் அவர்களுக்கு. இந்தக் கூண்டின் கதவு கீச்சிடுகிறது. காது வலிக்கிறது. ஒயில் விடவும்.'

அவமானப்படுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை கதவு பட்டுப் போல் திறந்தது. என் வைப்பரில் ஒரு துண்டு. 'முறைப்பாடு கிடைத்தது. நிவர்த்தி செய்யப்பட்டது. நன்றி.'

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

உறவு முற்றாக முறிந்தது பிரேக் பேட் விவகாரத்தில். ஒரு பௌர்ணமி போயா விடுமுறையில், எங்கள் ஒழுங்கையில் ஜெக் அடித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் பிரேக் பேட்கள் நாலையும் நானே மாற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அக்கம்பக்கத்து ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் காது கேளாதவள் போல் இருந்து, இரண்டரை மணித்தியாலத்தில் முடித்தேன். மறுநாள் பெருமையோடு கொண்டுவந்து நிறுத்தினேன். பகல் துண்டு வந்தது. 'முன் இடது சக்கரம். நட் ஒன்று கையால் மட்டும் இறுக்கப்பட்டுள்ளது.'

தொட்டுப் பார்த்தேன். ஆமாம். விரலால் சுற்ற வந்தது. வெயிலில் குந்தியிருந்து அதை முறுக்கினேன். நன்றி சொன்னேனா? இல்லை. இனி இந்த மனிதரின் துண்டை வாசிப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் செய்தேன். அதன் பிறகு வந்த துண்டுகளை எல்லாம் மடித்தபடியே டேஷ்போர்ட் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன். அவரும் சளைக்காமல் வைத்தார். நானும் சளைக்காமல் தள்ளினேன்.

இப்போது மதியின் கதைக்கு வருகிறேன். மதி என் தங்கச்சி. கல்வியியற் கல்லூரி முடித்து, நியமனம் வரும் வரும் என்று வாசலைப் பார்த்தே வருடங்களைக் கழித்தவள். கடைசியில் வந்தது. லக்கலப் பக்கம் ஒரு பாடசாலை, ஆங்கில ஆசிரியை. ரிவர்ஸ்டன் மலையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பஸ் நிற்கிற சந்தியிலிருந்தும் உள்ளே வெகுதூரம் போக வேண்டும். குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முன் பாடசாலை அதிபர் முன்னால் கையெழுத்து வைத்துக் கடமையேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்து என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தில் அரசாங்க நியமனக் கடிதத்தைக் கண்ணால் கண்ட முதல் ஆள் அவள்தான்.

"பஸ்ஸுல போனா நேரத்துக்குப் போக ஏலாது அக்கா," என்றாள் மதி.

"பஸ் எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்ன நேரம் சரியில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு வாரம் முந்திய சனிக்கிழமை, வேலை முடிந்த கையோடு பாதை பார்க்க மதியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரத்தோட்டை வரை கார் பாட்டுப் பாடியது. மலை ஏறத் தொடங்கிப் பத்தாவது வளைவில் விசில் நின்றது. பதினைந்தாவது வளைவில் தள்ளு நின்றது. இருபதாவதில், மிளகு மூட்டை ஏற்றிய ஒரு லேண்ட்மாஸ்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டினவர் திரும்பிப் பார்த்து, இரக்கத்தோடு கையைக் காட்டினார். ஹொட் ஹெட்சை உழவு மெஷின் முந்துவதை நான் பார்க்க வேண்டியிருந்ததே. பொனட்டைத் திறந்து பத்து நிமிடம் நின்றால் மறுபடி உயிர் வரும். மூன்று வளைவு போனால் மறுபடி போய்விடும்.

"அக்கா, வேன் பேசுவமா?"

"வாய மூடிட்டு இரு."

எங்கள் தெருவில் இருந்த ஒரே வேனும் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்றுகிற பாடசாலை வேன். ஆகவே கார்தான். அதைத் திருத்துவது நான்தான்.

கோளாறு தேடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சுலபமானது முதலில், கஷ்டமானது கடைசியில். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன். சுத்தம். பிளக் மூன்றையும் மாற்றினேன். இந்தக் காரில் பிளக்கைத் தொட வேண்டுமானால், எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலரைக் கழற்றித் தூக்கி வைக்க வேண்டும். டர்போ அழுத்தி அனுப்புகிற சூடான காற்றை ஆற வைக்கிற தகட்டுப் பெட்டி அது. கறுப்பு பிளாஸ்டிக் மூடியோடு நாலே நாலு போல்ட். கழற்றி மதிலில் சாத்தி வைத்தேன், பிளக்கை மாற்றினேன், பூட்டினேன். பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் ஒன்று. பிறகு டர்போ குழாய்கள். எஞ்சினை ஓடவிட்டு, குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிறதா என்று பார்த்தால் காற்று கசிவது தெரிந்துவிடும். நுரை வரவில்லை. காற்றை அளக்கிற சென்சரைத் துணியால் துடைக்காமல் அதற்குரிய ஸ்ப்ரேயாலேயே கழுவினேன். மறுபடி இன்டர்கூலரைக் கழற்றினேன், பூட்டினேன். நல்ல மழை பெய்த ஒரு நாள் கார் அருமையாக ஏறியது. வென்றுவிட்டேன் என்று வீட்டில் பாயாசம் வைத்தோம். மறுநாள் வெயில். மறுபடி செத்தது. பாயாசமும் வீண்.

அம்மா ஒரு பக்கம். "நான்தான் வெள்ளிக்கு வெள்ளி சாமிக்கு வச்சுக் கும்புடுறனே, அப்பறம் ஏண்டி இப்பிடி ஆகுது?"

அம்மா அதில் ஒரு குறையும் வைத்ததில்லை. பிரேக் பேட் விவகாரத்துக்குப் பிறகு ஒரு நாள் முன்னுக்கு ரேடியேட்டரை மறைத்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாலையும் கட்டினார். நான் விடவில்லை. "அதுக்குள்ள காத்துப் போகணும்மா, மறைச்சா சூடாகிடும்," என்று பொறுமையாக விளக்கினேன். "அப்ப எங்கதாண்டி வைக்கிறது?" என்றார். "மேல எங்கயாச்சும் வைங்க," என்றேன். அதன் பிறகு சாமி விஷயத்தில் நான் தலையிட்டதில்லை. சனிக்கிழமை காலையில் பொனட்டில் கிடக்கிற பூவை ஒதுக்கிவிட்டுக் கிளம்புவேன்.

திங்கட்கிழமைக்கு முதல் நாள் வந்துவிட்டது. ஞாயிறு காலை கடைசியாக ஒரு தடவை ரத்தோட்டை மலை வரை ஓட்டிப் பார்த்தேன். எட்டாவது வளைவிலேயே மூச்சு போய்விட்டது. வீட்டில் மதி பெட்டியைக் கட்டி முடித்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். "பஸ் நேரம் விசாரிச்சுட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி காரை எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு வந்தேன்.

பஸ் நேரம் தெரிந்த மனிதர் ஊரில் ஒருவர்தான்.

"நாளைக்குக் காலையில லக்கலப் பக்கம் முதல் பஸ் எத்தனை மணிக்கு நானா?"

"அஞ்சே முக்கால். சந்திக்குப் போகக்குள்ள ஒம்பது ஆகும். அங்கருந்து உள்ளுக்கு பஸ் பகலைக்குத்தான்." ஒரு துண்டை எடுத்து, அதையும் கார்பன் வைத்து எழுதினார். பிறகு முதன்முறையாக மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஏன் மிஸ், காரு ஈக்கிதே?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். தங்கச்சி, நியமனம், ஏழரை மணி, பத்தாவது வளைவு என்று எல்லாம் கொட்டிவிட்டது.

துண்டு நானா ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். "அப்ப என்ட துண்டு ஒண்டும் பாக்கல்லயா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

கார்பன் நீலத்தில், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஒரே கையெழுத்து.

'சிவப்புக் கார். மூக்கில் பூ உள்ளது.'

'சிவப்புக் கார். மறுபடியும் மூக்கில் பூ. சந்தனமும் உள்ளது.'

'மூக்கில் பூ, மஞ்சள் தண்ணீர், விபூதி.'

'மூக்கினுள் எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று விழுந்ததைக் கண்டேன். வெளியே வந்ததைக் காணவில்லை.'

கடைசியில் கொஞ்சம் நீளமாக ஒன்று. 'பொனட்டின் மேல் உள்ள அந்த மூக்கு எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த மூக்கிலும் பூ வைப்பதில்லை.'

திரும்பிக் காரைப் பார்த்தேன். பொனட்டின் நடுவில், மேல்நோக்கித் திறந்த அந்தக் காற்று வாய். டர்போ கார் என்று நான் பெருமையடித்துக்கொண்ட அடையாளம். அதன் வழியாகக் காற்று போய், நேரே கீழே இருக்கிற இன்டர்கூலரில் பட்டால்தான் எஞ்சினுக்கு ஆறிய காற்று கிடைக்கும். இல்லாவிட்டால் சூட்டுக் காற்றை விழுங்கி, எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். மழையில் ஏறும். வெயிலில் சாகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்மாவின் கண்ணுக்கு அது விளக்கு வைக்கிற மாடம். 'மேல எங்கயாச்சும் வைங்க' என்று வழி காட்டியவள் நான். அந்தப் பெட்டியை இரண்டு தடவை கையில் ஏந்தி மதிலில் சாத்தி வைத்துவிட்டு, மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பூட்டியவளும் நான்.

கோபம் யார் மேல் வர வேண்டும்? நியாயமாக என் மேல். வந்தது அவர் மேல்.

"ஏன் நானா, இத வாயால சொல்லியிருக்கலாமே? தினமும் உங்க முன்னாலதானே போறேன் வாறேன்?"

"வாயால செல்ற ஆக்கள் மிஸ்ஸுக்கு நெறய ஈக்கிறாங்க தானே," என்றார் மெதுவாக.

டிக்கியைத் திறந்து ஸ்பெனரை எடுத்தேன்.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, அந்த இடத்திலேயே, பஸ் ஸ்டேண்ட் நடுவிலேயே கழற்றினேன். துண்டு நானா பிளேன்டிக் கோப்பையின் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். போல்ட்களை ஒவ்வொன்றாக அதில் போட்டேன். கறுப்பு மூடியைக் கழற்றினால் உள்ளே தகட்டையே காணவில்லை. சந்தனமும் மஞ்சளும் விபூதியும் குழைந்து, எஞ்சின் சூட்டில் வெந்து, சுவர் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குள் செவ்வந்தி இதழ்கள். நடுவில், கருகிப்போய், அந்த எலுமிச்சம்பழத் துண்டு.

குழாய் வாய்கள் இரண்டையும் தண்ணீர் போகாமல் பொலித்தீன் பையால் கட்டி, குழாயடிக்குக் கொண்டுபோனேன். நானா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வீசப் பார்த்தார்.

"அடிச்சு ஊத்தாதீங்க நானா. தகடு மெல்லிசு, மடங்கிடும். சோப்புல ஊறவச்சு, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால மெதுவா எடுக்கணும்."

வாளியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்ததை மறைக்கவில்லை.

மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடியது. வெயிலில் கோயில் வாசனை கிளம்பியது. கலேவெல பஸ்ஸின் கொண்டக்டர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னா மிஸ், காருக்குள்ளயே கும்பாபிஷேகமா?" என்றார். பாணுக்கு வந்தவர், பல்லைக் குத்தினவர் எல்லாம் வழக்கம் போல் சுற்றிக் கூடினார்கள். ஒருவர் வாயைத் திறந்து, "அப்பிடி இல்ல தங்கச்சி," என்று தொடங்கினார்.

"காரு அவங்கட," என்றார் துண்டு நானா. "நீங்க பஸ்ஸுக்கா வந்தீங்க, பேசவா?"

பஸ் நேரம் சொல்வதைத் தவிர, அந்த இரண்டு வருடத்தில் அவர் ஊராரிடம் வாயால் சொன்ன மிக நீண்ட பேச்சு அதுதான்.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினோம். பத்தாவது வளைவில் விசில் இருந்தது. இருபதாவதில் தள்ளு இருந்தது. ரிவர்ஸ்டன் உச்சியில் மதி கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நேரம் இருக்கு அக்கா, மெதுவா போ," என்று கெஞ்சுகிற அளவுக்குக் கார் ஏறியது. ஏழு மணி பத்துக்குப் பாடசாலை வாசல். ஏழு பதினைந்துக்கு அதிபர் முன்னால் கையெழுத்து. வெளியே வந்தவள் பேனா மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பேனாவை அதிபரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நண்பகலுக்கு மாத்தளைக்குத் திரும்பி, மதில் ஓரம் நிறுத்தி, ஒரு நிமிடம் முழுதாக ஓடவிட்டு அணைத்தேன். அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தால் வைப்பரில் துண்டு. அங்கேயே நின்று பிரித்து வாசித்தேன். 'சிவப்புக் கார். நேரம் 11.52. குறை ஒன்றுமில்லை.'

ஊரில் வேறு எந்த வாகனத்துக்கும் அப்படி ஒரு துண்டு கிடைத்ததில்லை என்று கொண்டக்டர்மார் சொல்கிறார்கள். அம்மாவுக்குக் காருக்குள்ளே, டேஷ்போர்டில், சாமிக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தாயிற்று.

நான் நியாயம் கேட்கிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. இவ்வளவும் செய்த மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு துண்டுகூட வைக்காமல், கலேவெல ஸ்டேண்டுக்கு மாறிப் போய்விட்டார். இப்போது அந்தக் கூண்டில் இருக்கிறவர் நாள் முழுக்க போன் பார்க்கிறார். பெட்ரோல் மூடியைத் திறந்துபோட்டே ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒரு மனிதரை இப்படிப் பழக்கிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை கலேவெலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவருடைய புதுக் கூண்டுக்கு எதிரே நிறுத்தி, ஒரு நிமிடம் கொடுத்து அணைத்து, அவர் பஸ் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குந்தியிருந்து, பின் இடது டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல் கடைக்குப் போய் பிளேன்டி ஒன்றுக்குச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வைப்பரில் துண்டு இருந்தது.

'சிவப்புக் கார். பின் இடது டயரில் காற்று குறைவு. இறக்கியவரைக் கண்டேன். உங்கள் தங்கச்சி மிஸ் சுகமா?'